சித்தப்பாவின் ட்ராம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சித்தப்பாவின் அலுமாரியை ஒதுக்கும்போது பிஸ்கட் ரின் ஒன்றுக்குள் சின்னச் சின்னப் படச்சுருள்கள் கிடைத்தன. எட்டு மில்லிமீற்றர் பிலிம் என்றார்கள். சித்தப்பா ஐம்பதுகளில் கொழும்பில் கிளாக்கராக இருந்தவர். சம்பளத்தில் மிச்சம்பிடித்து ஒரு கமரா வாங்கினார் என்று சித்தி சொல்லுவா. ஒரு சுருளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். புறக்கோட்டைத் தெருவில் ட்ராம் போகிறது, அதற்குப் பிறகு சித்தியின் கலியாணம் வருகிறது. லண்டனில் இருக்கும் தம்பி, "கலியாணத்தையும் கோயில் திருவிழாவையும் மட்டும் கொம்பியூட்டருக்கு மாற்று, தெருவை வெட்டிவிடு" என்கிறான். கடைக்காரரும் நிமிடக் கணக்கில்தான் காசு கேட்கிறார். என் பிள்ளைகள் கொழும்பில் ட்ராம் ஓடியது என்பதையே நம்பவில்லை. நியூயோர்க்கில் மூன்றாம் அவனியூவுக்கு மேலே தூண்களில் ஓடிய ரயிலை யாரோ வீட்டுக் கமராவில் எடுத்திருந்ததை இணையத்தில் பார்த்தேன். அதைப் பார்த்ததிலிருந்து தெருவை வெட்ட மனம் வரவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

வாசகி, உப்புவெளி

அன்புள்ள சகோதரிக்கு,

வெட்ட வேண்டாம். நான் சொன்னதாகவே தம்பிக்குச் சொல்லுங்கள்.

முதலில் பிள்ளைகளுக்கு. கொழும்பில் ட்ராம் ஓடத் தொடங்கியது 1899இல். பூஸ்டட் பிரதர்ஸ் என்ற கம்பனி நடத்தியது. ஒரு பாதை பொரளைக்கு, இன்னொன்று கிராண்ட்பாஸுக்கு. 1929இல் ஏ. ஈ. குணசிங்க தலைமையில் ட்ராம் தொழிலாளர்கள் செய்த வேலைநிறுத்தம் இந்த நாட்டுத் தொழிற்சங்க வரலாற்றில் மறக்க முடியாதது. 1944இல் மாநகரசபை ட்ராம் சேவையைத் தன் கைக்கு எடுத்தது. 1953இல் ட்ரொலி பஸ் வந்தது, தலைக்கு மேலே போகும் கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்து ஓடும் பஸ். 1960இல் ட்ராம் நின்றது, நாலு வருடத்தில் ட்ரொலி பஸ்ஸும் போய்விட்டது. இன்று அந்தத் தெருக்களில் முச்சக்கரவண்டிகளுக்கு நடுவே நிற்கும் பிள்ளைக்கு இதை வாயால் சொல்லி நம்பவைக்க முடியாது. உங்கள் ரின்னுக்குள் இருப்பதைக் காட்டினால் நம்பும்.

இனி சித்தப்பாவைப் பற்றி. அந்தக் காலத்து எட்டு மில்லிமீற்றர் சுருள் எப்படி வந்தது தெரியுமா? பதினாறு மில்லிமீற்றர் அகலத்தில் 25 அடி. கமராவில் ஒரு பாதியை எடுத்து முடித்ததும் சுருளைத் திருப்பிப் போட்டு மற்றப் பாதியில் எடுக்க வேண்டும். கழுவும்போது நடுவால் கிழித்து ஒட்டுவார்கள். எல்லாம் சேர்த்து 50 அடி. விநாடிக்கு 16 படம் வீதம் ஓடினால் நாலு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். ஒரு கிளாக்கரின் சம்பளத்தில் அந்த நாலு நிமிடத்தை வாங்கியவர் கமராவைச் சும்மா தெருவுக்குத் திருப்பியிருக்க மாட்டார். நம் திருகோணமலைக்கு ரயில் வந்ததே 1927இல்தான், கல்ஓயாச் சந்தியில் பிரிந்து கந்தளாய், தம்பலகாமம், சீனக்குடா வழியாக. அந்த ரயில் தன் பாதையில் தனியாக வந்து நிற்கும். அதைப் பார்த்து வளர்ந்த பெடியனுக்குச் சனநெரிசலுக்குள்ளே, கடை வாசலை உரசுவதுபோல ஒரு வண்டி தண்டவாளத்தில் போவது எப்படித் தெரிந்திருக்கும்! கலியாணத்துக்கு வைத்திருந்த பிலிமில் கொஞ்சத்தை அதற்குச் செலவழித்திருக்கிறார். அவர் எது பெறுமதி என்று நினைத்தார் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

தம்பிக்கு இன்னொரு காரணமும் சொல்லுங்கள். ட்ராமும் கலியாணமும் ஒரே சுருளில் இருக்கின்றன என்பதுதான் இதில் மிகப் பெரிய விஷயம். கலியாணத் திகதி சித்திக்குத் தெரியும். அப்படியானால் அதற்கு முன்னால் வரும் தெரு எந்தக் காலத்துத் தெரு என்பதும் ஏறக்குறையத் தெரிந்துவிடும். வெட்டிப் பிரித்தால் கலியாணம் தப்பிக்கொள்ளும், தெரு அநாதையாகிவிடும். தலைக்கு மேலே போகும் மின்கம்பிகளையும் கவனியுங்கள். ட்ராமுக்கு ஒரு கம்பி போதும், மின்சாரம் தண்டவாளத்தால் திரும்பிவிடும். ட்ரொலி பஸ்ஸுக்கு றப்பர் ரயர், அதனால் அதன் கூரையில் இரண்டு கோல், மேலே இரண்டு கம்பி பக்கத்தில் பக்கத்தில். ஒரே படத்தில் ட்ராமும் இரண்டு கோல் வைத்த பஸ்ஸும் தெரிந்தால் அது 1953க்கும் 1960க்கும் இடைப்பட்டது. பிலிமின் விளிம்பிலே கொடாக் என்ற எழுத்துக்குப் பக்கத்தில் வட்டம், சதுரம், முக்கோணம் ஏதும் இருக்கிறதா என்றும் பாருங்கள். பிலிம் தயாரித்த ஆண்டின் அடையாளம் அது. இருபது வருடத்துக்கு ஒருமுறை அதே குறி திரும்பி வரும், ஆனால் 1937ஆ 1957ஆ என்று நீங்கள் குழம்பப் போவதில்லை.

நீங்கள் பார்த்த மூன்றாம் அவனியூ ரயில் மன்ஹற்றனில் 1955 மே 12இல் நின்றது. அந்த ஊரின் பழைய பாதைகளை இன்று நாம் வீட்டிலிருந்து பார்க்கிறோம் என்றால், யாரோ ஒருவர் எடுத்ததை அவர் வீட்டார் எறியாமல் வைத்திருந்தார்கள். நம் பக்கத்து வீடுகளில் 1983 கலவரத்திலும் 1990 போரிலும் ஓடியவர்கள் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும்தான் பையில் போட்டார்கள். படப்பெட்டியை யார் தூக்குவது? மிஞ்சியதில் ஒரு பங்கை 2004இல் கடல் கொண்டுபோனது. அதையெல்லாம் தாண்டி உப்புவெளியில் ஒரு ரின் இருக்கிறது. நிமிடத்துக்கு இவ்வளவு என்று பேரம் பேசிக்கொண்டிருக்கிற பொருளல்ல அது.

செய்யவேண்டியதைச் சொல்கிறேன். யாராவது பழைய புரொஜெக்டர் இருக்கிறது, ஓட்டிப் பார்ப்போம் என்றால் விடாதீர்கள். பிலிம் சுருங்கியிருக்கும், பல்சக்கரம் ஓரத் துளைகளைக் கிழித்துவிடும். ரின்னைத் திறந்ததும் வினாகிரி மணம் வருகிறதா? வந்தால் பிலிம் பழுதாகத் தொடங்கிவிட்டது. நம் கடற்கரை வெக்கையும் ஈரமும் அதை விரைவாக்கும். மணக்கிற சுருளை மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள், அதன் ஆவி மற்றதையும் கெடுக்கும். முதலில் மாற்றவேண்டியதும் அதைத்தான். கடையில் படம் படமாக ஸ்கான் செய்கிறார்களா, சுவரில் ஓட்டி அதைக் கமராவால் எடுக்கிறார்களா என்று கேளுங்கள். இரண்டாவது வகை என்றால் வேறு கடை பாருங்கள். வேகம் விநாடிக்கு 16 என்று எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் சித்தியின் கலியாணத்தில் எல்லாரும் ஓடித் திரிவார்கள். சுருளை முழுதாக, வெளிச்சம் பட்டு வெளுத்த நுனியும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் பிலிமைத் திருப்பி வாங்குங்கள். தகரக் கூரைக்குக் கீழே, அலுமாரிக்கு மேலே மட்டும் வைக்காதீர்கள்.

காசு போதாவிட்டால் தெரு உள்ள சுருளை முதலில் செய்யுங்கள், திருவிழா பிறகு வரட்டும். கோணேசர் கோயிலில் திருவிழா இந்த வருடமும் வரும். தம்பி கோபித்தால் பாதிச் செலவை அவனிடமே கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் முதல் சித்தி. அவவைப் பக்கத்தில் இருத்தி, படத்தைப் போட்டு, ஃபோனில் குரலைப் பதியுங்கள். எந்தக் கடை, எந்தச் சந்தி, சித்தப்பா எங்கே அறை எடுத்து இருந்தவர் என்று கேளுங்கள். அவ கதையை விட்டு வேறெங்கோ போனாலும் மறிக்க வேண்டாம். கடைப்பலகை ஏதும் வாசிக்கக்கூடியதாக இருந்தால் அந்தப் படத்தை மட்டும் எனக்கு அனுப்புங்கள். புறக்கோட்டையில் கடை வைத்திருந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் பலர் இங்கே வாசிக்கிறார்கள். அது எந்தத் தெரு என்று அவர்களிடம் கேட்டுச் சொல்கிறேன்.