மருத்துவக் குழுவுக்கு, எல்லோரும் ஒற்றுமையாக வேலை செய்யப் பயிற்சி கொடுத்தால் நோயாளிக்கு உண்மையிலேயே பயன் உண்டா?

உண்டு. ஆனால் அந்தப் பயிற்சியில் யார் யார் உட்காருகிறார்கள் என்பதைப் பொறுத்தது. உங்கள் மருத்துவமனையில் நர்ஸ்களுக்குக் கட்டாய வகுப்பு, டாக்டர்கள் விருப்பப்பட்டால் வரலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கவலையே அதுதான். நான் ஆபரேஷன் தியேட்டரில் பல வருடம் நர்ஸாக இருந்தவள். இப்போது புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கான அரசு மருத்துவமனைகளில் ஒரு ஆய்வு நடந்தது. 2010ல் ஜாமா என்ற மருத்துவ இதழில் வெளியானது. விமானக் குழுவினருக்குத் தரும் பயிற்சியைப் பார்த்து அமைத்த திட்டம். பயிற்சி நாளன்று ஆபரேஷன்களை நிறுத்திவைத்தார்கள். சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், நர்ஸ், டெக்னீஷியன் எல்லோரும் ஒரே அறையில் உட்கார வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்தார்கள். அதோடு விடவில்லை. ஒரு வருடம் வரை, மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூப்பிட்டு எப்படிப் போகிறது என்று கேட்டார்கள். பயிற்சி பெற்ற 74 மருத்துவமனைகளில் ஆபரேஷன் தொடர்பான இறப்பு விகிதம் 18 சதவீதம் குறைந்தது. இன்னும் பயிற்சி பெறாத 34ல் 7 சதவீதம்தான் குறைந்தது. குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வு இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் பயிற்சிக் காலம் கூடக் கூட இறப்பு மேலும் குறைந்திருக்கிறது. அதனால்தான் இதை நம்புகிறேன்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்ததையும் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அறுவை சிகிச்சை செக்லிஸ்ட், அதாவது ஆபரேஷனின்போது சரிபார்க்க வேண்டியவற்றின் பட்டியல், 2009ல் பெரிய பெயர் வாங்கியிருந்தது. புதுடெல்லி உட்பட எட்டு நகரங்களில் சோதித்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆனது. அதைப் பார்த்து ஒன்டாரியோவும் செக்லிஸ்ட்டைக் கொண்டுவந்தது. கடைப்பிடிக்கிறோமா என்று மருத்துவமனைகள் வெளிப்படையாகக் கணக்குக் காட்ட வேண்டும் என்றது. கிட்டத்தட்ட எல்லா ஆபரேஷனிலும் நிரப்பியதாகவே பதிவு. ஆனால் 101 மருத்துவமனைகளின் விவரங்களை ஆராய்ந்து 2014ல் வந்த கட்டுரையில், இறப்பு 0.71லிருந்து 0.65 சதவீதம்தான். புள்ளியியல்படி அதை மாற்றம் என்று சொல்ல முடியாது.

இதற்கு ஒரே காரணம் சொல்ல முடியாது என்று ஆய்வாளர்கள் வாதிடுவார்கள். நான் தியேட்டரில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். கத்தி வைப்பதற்கு முன் எல்லோரும் ஒரு நிமிடம் நிற்க வேண்டும், நோயாளி பெயர், எந்தப் பக்கம், ஆன்டிபயாடிக் போட்டாயிற்றா என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். நடப்பது வேறு. ஒரு சின்னப் பெண் ஓரத்தில் நின்று எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டு முடித்திருப்பாள். ஆன்டிபயாடிக் இன்னும் ஏறவில்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்கலாம். "சார், ஒரு நிமிஷம்" என்று சொல்ல நா எழாது. போன தடவை அப்படிச் சொன்ன சிஸ்டருக்கு எல்லோர் முன்னாலும் என்ன கிடைத்தது என்பதை அவள் பார்த்திருக்கிறாள். அந்தப் பெண்ணுக்கு எத்தனை வகுப்பு எடுத்தாலும் போதாது. எதிரில் நிற்கும் சர்ஜனுக்கும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும்.

மிச்சிகன் மாநில ஐசியூக்களில் இதை நேரடியாகக் கையாண்டார்கள். சென்ட்ரல் லைன், அதாவது பெரிய ரத்தக் குழாய்க்குள் போடும் மெல்லிய குழாய், வழியாக ரத்தத்தில் தொற்று ஏறுவதைத் தடுக்க ஐந்தே விஷயங்கள்: கை கழுவுவது, லைன் போடும்போது கவுன், கையுறை, முகமூடி அணிந்து நோயாளியை முழுதும் துணியால் மூடுவது, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் தோலைச் சுத்தம் செய்வது, முடிந்தவரை தொடையில் போடாமலிருப்பது, தேவையில்லாத லைனை உடனே எடுப்பது. இதெல்லாம் டாக்டர்களுக்குத் தெரியாததா? புதிது என்னவென்றால், அவசரம் இல்லாத நேரத்தில் டாக்டர் ஒன்றைத் தவறவிட்டால் நிறுத்தச் சொல்லும் அதிகாரம் நர்ஸுக்கு இருந்தது. மேலிடமும் அவள் பக்கம் நின்றது. நோயாளிகளுக்கு லைன் போட்டிருந்த ஆயிரம் நாளுக்குச் சராசரியாக 7.7 என்றிருந்த தொற்று, ஒன்றரை வருடத்தில் 1.4 ஆனது. 2006ல் வந்த அந்தக் கட்டுரையைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது.

பயிற்சியால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்லமாட்டேன். உத்தரப் பிரதேசத்தில் 120 பிரசவ மையங்களில் பெட்டர்பர்த் ஆய்வு நடந்தது. பயிற்றுநர்கள் கூடவே வந்து நின்று வழிகாட்டினார்கள். ஊழியர்களின் செயல்முறை நன்றாக மேம்பட்டது, பயிற்றுநர்கள் வருவது நின்றதும் கொஞ்சம் இறங்கியது. ஆனால் தாய் சேய் இறப்பில் வித்தியாசமே தெரியவில்லை. சிக்கலான பிரசவத்தைக் கையாளும் திறனும் மருந்தும் மேல் சிகிச்சை வசதியும் இல்லாத இடத்தில், ஒற்றுமையாக வேலை செய்வது மட்டும் உயிரைக் காப்பாற்றாது.

நீங்கள் நிர்வாகத்திடம் மூன்று விஷயம் கேளுங்கள். பயிற்சியன்று அவசரம் இல்லாத கேஸ்களைத் தள்ளிவைப்பார்களா? துறைத் தலைவர் முதல் வரிசையில் உட்காருவாரா? ஆறு மாதம் கழித்து யாராவது வந்து பார்ப்பார்களா? இரண்டுக்காவது ஆமாம் என்று பதில் வந்தால் தைரியமாகச் சேருங்கள். இல்லையென்றால் உங்கள் வார்டில் ஷிப்ட் மாறும்போது நோயாளியை ஒப்படைக்கும் முறையிலிருந்து தொடங்குங்கள். கட்டில் அருகே நின்று, வாங்கிக்கொள்பவர் தான் கேட்டதைத் திருப்பிச் சொல்லட்டும். இதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.