பின்லாந்தின் பைன், ஸ்புரூஸ் காடுகள்: எதை வெட்டுவது, எதை விடுவது?

தெற்கு பின்லாந்தில் பைன், ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரங்கள் வளரும் சிறிய காடு வைத்திருப்பவர்களும் அங்கே வேலைக்குப் போகிறவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கான பதில்கள்.

கேள்வி: ஐயா, எக்டேருக்கு 1,800 ஸ்புரூஸ் கன்றுகள் நட்டாயிற்று. மரமாகும்வரை காத்திருந்தால் போதும்தானே?

போதாது. நீங்கள் நட்டது 1,800. காற்றில் விதை வந்து தானாக முளைத்த பிர்ச் என்ற இலையுதிர் மரம் அதைவிடப் பல மடங்கு. கன்று ஒரு மீட்டர் உயரம் வந்ததும், அதை நெருக்கும் பிர்ச்சை வெட்டுங்கள். மூன்று, நான்கு மீட்டர் ஆனதும் மறுபடி போய், எக்டேருக்கு 1,800 முதல் 2,000 மரங்கள் மட்டும் நிற்கும்படி கலைத்துவிடுங்கள். வெட்டிய பிர்ச் அடியிலிருந்து துளிர்க்கும், ஸ்புரூஸ் துளிர்க்காது. தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும் தண்டு பருத்து, கூலி ஏறும். விறகுக்காவது ஆகட்டும் என்று பிர்ச்சை வளரவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

கேள்வி: எக்டேருக்கு எத்தனை நிற்கிறது என்று எப்படி எண்ணுவது?

நான்கு மீட்டர் கழி ஒன்று போதும். தூண்டில் கழியே சரியாக இருக்கும். நின்ற இடத்திலிருந்து அதைச் சுற்றினால் கிடைக்கும் வட்டம் சுமார் 50 சதுர மீட்டர். உள்ளே இருக்கும் மரங்களை 200ஆல் பெருக்குங்கள். பல இடங்களில் எண்ணிச் சராசரி எடுங்கள்; ஒரே வட்டத்தை நம்பாதீர்கள்.

கேள்வி: பிர்ச், ஆஸ்பென் என்று இலையுதிர் மரங்கள் எல்லாவற்றையும் ஒழித்துவிடலாமா?

நட்ட மரத்தை நெருக்காத பிர்ச்சை அங்கங்கே விடுங்கள், கலப்புக் காடு நல்லது. இளம் பைன் காட்டில் முளைக்கும் ஆஸ்பெனை மட்டும் எடுத்துவிடுங்கள். பைன் குருத்தை முறுக்கிவிடும் துரு நோய்ப் பூஞ்சை ஆஸ்பென் இலையிலும் வாழ்ந்துதான் தன் சுழற்சியை முடிக்கிறது. ஆனால் பறக்கும் அணில் குடியிருக்கும் பழைய ஆஸ்பெனைத் தொடாதீர்கள். அது சட்டம் காக்கும் உயிர்.

கேள்வி: முதல் வணிகக் கலைப்புக்கு, அதாவது வெட்டிய மரத்தை விற்கும் முதல் கலைப்புக்கு, ஒப்பந்தக்காரர் ஜூலையில் வருகிறேன் என்கிறார். ஸ்புரூஸ் காடு, 14 மீட்டர் உயரம். சரி சொல்லலாமா?

உயரம் சரி, 12 முதல் 15 மீட்டருக்குள் செய்யவேண்டிய வேலைதான். மாதம்தான் இடிக்கிறது. வெப்பநிலை 5 டிகிரியைத் தாண்டினால் வேர் அழுகல் பூஞ்சையின் வித்துகள் காற்றில் பறக்கும். புதிதாக வெட்டிய அடிக்கட்டையில் விழுந்து முளைத்து, வேர்கள் ஒட்டும் இடங்கள் வழியாகப் பக்கத்து மரத்துக்குள் ஏறும். வெளியே மரம் பச்சையாகவே நிற்கும். உள்ளே அடிமரம் குழைந்து, பலகைக்குப் போகவேண்டியது காகிதக் கூழுக்கோ விறகுக்கோ போகும். பிறகு நடும் ஸ்புரூஸையும் அதே பழைய வேர்கள் பிடித்துக்கொள்ளும்.

கோடையில்தான் வெட்டவேண்டும் என்றால், ஒவ்வோர் அடிக்கட்டையிலும் யூரியா கரைசலையோ, நோய்ப் பூஞ்சையை முந்திக்கொண்டு இடம்பிடிக்கும் தீங்கற்ற பூஞ்சையின் கரைசலையோ தெளிக்கவேண்டும். அறுவடை இயந்திரமே வெட்டும்போது தெளித்துவிடும். அபாயப் பகுதிகளில் சட்டமும் இதைக் கேட்கிறது. இன்னொன்று, ஸ்புரூஸ் வேர் மேலாக ஓடும். ஈர மண்ணில் சக்கரம் ஏறினால் காயம்படும், அந்தக் காயத்திலும் அழுகல் புகும். என்னைக் கேட்டால், மண் உறைந்தபின் வரச் சொல்லுங்கள்.

கேள்வி: இதுவரை கலைக்கவே இல்லை. 20 மீட்டர், ஒல்லி ஒல்லியாக நிற்கின்றன. ஒரே தடவையில் பாதியை எடுத்துவிடலாமா?

கூடாது. நெருக்கத்தில் ஒன்றையொன்று தாங்கி நின்ற மரங்கள் அவை. திடீரென்று இடம்விட்டால் காற்றும் பனிச்சுமையும் சாய்த்துவிடும். 2005 ஜனவரியில் குட்ருன் புயல் தெற்கு சுவீடனில் சுமார் 75 மில்லியன் கன மீட்டர் மரத்தைச் சாய்த்தது, பெரும்பகுதி ஸ்புரூஸ்தான். லேசாக, நோயுற்றதையும் வளைந்ததையும் மட்டும் எடுங்கள். பச்சைக் கிளை உச்சியில் குடுமி அளவுக்குத்தான் மிச்சம் என்றால் அதுவும் வேண்டாம். அப்படியே விட்டு, சற்று முன்னதாகவே மொத்தமாக வெட்டும் இறுதி வெட்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.