மகள் சொல்ல வந்த ஒரு வரி

கேள்வி: எனக்கு 55 வயது. 1987-இல் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு வந்தேன். வந்த புதிதில் என்னோடு ஒரே அறையில் இருந்த நண்பன்தான் ஆங்கிலேய மின்னிசைப் பாடகர் கேரி நியூமனின் கசெட்டைப் போட்டுக் காட்டினான். அன்றிலிருந்து இருவரும் அவருடைய ரசிகர்கள். இப்போது எட்டு மாதங்களாக எங்களுக்குள் பேச்சு இல்லை. 1979-இல் பார்த்த வெள்ளை முகமும் கறுப்பு உடையுமே உண்மையான நியூமன் என்றும், 2017-இல் வந்த ‘ஸேவேஜ்’ இசைத்தட்டின் பாலைவனக் கோலமும் அரபு போன்ற எழுத்துகளும் அடுத்தவர் பண்பாட்டிலிருந்து திருடியவை என்றும் அவன் சொல்கிறான். அது கலைஞனின் உரிமை என்கிறேன் நான். சண்டை நடந்த இரவு என் மகளும் (15), அரபு படிக்கும் தன் வகுப்புத் தோழிக்கு அந்த அட்டையைக் காட்டியதாகவும் அவளால் வாசிக்க முடியவில்லை என்றும் ஏதோ சொல்ல வந்தாள். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே வராதே என்று அனுப்பிவிட்டேன். நண்பனுக்கு எப்படிப் புரியவைப்பது?
– லண்டன் வாசகர்

பதில்: உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் வெளியிட்டிருக்கிறோம். நீங்கள் எழுதியது நான்கு பக்கம். அதில் மூன்றரைப் பக்கம் இசைத்தட்டு அட்டைகளைப் பற்றியது. உங்கள் மகளுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்துக்குத்தான் நான் பதில் எழுதப் போகிறேன்.

அதற்கு முன், உங்கள் நண்பரின் வாதம் நிற்காது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அவர் உண்மை முகம் என்று போற்றும் அந்த வெள்ளைப் பூச்சு, தொலைக்காட்சியில் தோன்ற வேண்டிய 21 வயது இளைஞனின் முகப்பருவை மறைப்பதற்காகப் பூசப்பட்டு, பிறகு அவருடைய அடையாளமாகவே நிலைத்துப்போனது. அதே 1979-இல் வந்த ‘தி பிளஷர் பிரின்ஸிபிள்’ அட்டையில் அவர் கோட்டும் டையும் அணிந்து ஒளிரும் சிறு பிரமிடின் முன் அமர்ந்திருக்கும் கோலம், பெல்ஜிய ஓவியர் மக்ரீத் 1937-இல் தீட்டிய ஓவியத்தை நினைவில் வைத்து அமைக்கப்பட்டது. இசைத்தட்டின் பெயரும் அந்த ஓவியத்தின் பெயரேதான். இரவல் வாங்காத நியூமன் என்று ஒருவர் ஒருநாளும் இருந்ததில்லை.

உங்கள் வாதமும் நிற்காது. புவி வெப்பமாதலால் உலகம் பாலையாகி, கிழக்கும் மேற்கும் ஒன்றாய்க் கலந்துபோன பிற்காலத்தை ‘ஸேவேஜ்’ பாடுவதாக நியூமன் விளக்கியிருக்கிறார். அந்த நோக்கத்தில் நான் குறை காணவில்லை. ஆனால் அட்டையில் இருப்பது அரபு அல்ல, அரபின் வளைவுகளைப் பூண்ட ஆங்கில எழுத்து. அரபு தெரிந்த பிள்ளைக்கு அது வெறும் கோடு. ஆங்கிலம் தெரிந்தவர் உற்றுப் பார்த்தால் அங்கே வாசிக்கக் கிடைப்பது ‘காட்டுமிராண்டி’ என்று பொருள்படும் சொல். தன் வீட்டில் பெரியவர்கள் வேதம் ஓதும் எழுத்தின் சாயலில் அந்தச் சொல்லைக் கண்ட சிறுமியின் மனத்தில் என்ன ஓடியிருக்கும் என்று, உரிமையைப் பற்றி மூன்றரைப் பக்கம் எழுதிய நீங்கள், ஒரு நொடி நினைத்துப் பார்த்தீர்களா? யாழ்ப்பாண நூலகம் 1981-இல் எரிந்தபோது உங்களுக்குப் பதினொரு வயது இருந்திருக்கும். எழுத்து என்பது ஒரு சனத்துக்கு என்னவென்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நம்முடைய ழகரத்தையும் ஞகரத்தையும் சுழித்து, அதற்குள் அப்படியொரு சொல்லை ஒளித்து யாரேனும் கடைவீதியில் தொங்கவிட்டால், அதைக் கலைஞனின் உரிமை என்று கடந்து போவீர்களா?

நீங்கள் இருவரும் இத்தனை ஆண்டுகளாக அந்த அட்டையைப் பார்த்தீர்கள். அந்த எழுத்துக்கு உரியவர்களிடம் ஒருமுறை காட்டிக் கேட்போம் என்று இருவருக்கும் தோன்றவில்லை. உங்கள் மகளுக்குத் தோன்றியது. பதினைந்து வயதுப் பிள்ளை, தகப்பன் நேசிக்கும் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் வரை போய், கேட்டு, விடையோடு வீட்டுக்கு வந்திருக்கிறாள். அந்த வயதில் எத்தனை பிள்ளைகள் தகப்பனின் ரசனையைத் திரும்பிப் பார்க்கிறார்கள்? அந்த விடையைத்தான் வாசலோடு திருப்பி அனுப்பினீர்கள்.

பெரியவர்கள் பேசும்போது பிள்ளைகள் குறுக்கிடக் கூடாது என்று சொல்லித்தான் என்னையும் வளர்த்தார்கள். நானும் என் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லியிருக்கிறேன், இன்றும் அதை மதிக்கிறேன். ஆனால் அந்தப் பழக்கம் பெரியவர்களுக்கும் ஒரு கடமையைத் தருகிறது. பேச்சு முடிந்ததும் பிள்ளையைக் கூப்பிட்டு, நீ என்னம்மா சொல்ல வந்தாய் என்று கேட்க வேண்டியவர் தகப்பன். எட்டு மாதமாக நண்பரின் மௌனத்தை நாள் எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்; மகளின் மௌனத்தை எண்ணவில்லை. இதை நான் மன்னிக்கத்தக்க மறதியாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

நீங்கள் கொண்டாடும் அந்த மனிதரையே பாருங்கள். அவருடைய தந்தைதான் நெடுங்காலம் அவருக்கு மேலாளராக இருந்தார். நீங்கள் சண்டை போட்ட அதே ‘ஸேவேஜ்’ இசைத்தட்டில் ‘மை நேம் இஸ் ரூயின்’ பாடலில் ஒலிக்கும் சிறுமியின் குரல், அப்போது 11 வயதான அவருடைய மகளுடையது. அதன் காணொளியில் பாலை மணலில் தகப்பனோடு நிற்பவளும் அவளே. 2021-இல் வந்த ‘இன்ட்ரூடர்’ இசைத்தட்டு, மனிதர்கள் தனக்குச் செய்ததைப் பூமியே சொல்வதாக அமைந்தது. அதற்கு வித்திட்டது அவருடைய இளைய மகள் பூமியைப் பற்றி எழுதிய ஒரு கவிதை. அவருடைய உடையையும் எழுத்தையும் எட்டு மாதமாக அலசிய உங்கள் கண்ணில், பிள்ளையின் வரியைக் கேட்டு அதிலிருந்து ஓர் இசைத்தட்டையே கட்டியெழுப்பிய அந்தத் தகப்பன் படவே இல்லையா?

நண்பரை விட்டுவிடுங்கள். ஒரே அறையில் உங்களோடு படுத்து எழும்பியவர், எந்த நாள் தொலைபேசியில் அழைத்தாலும் எடுப்பார். வரும் ஞாயிற்றுக்கிழமை அந்த இசைத்தட்டை உறையோடு எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வையுங்கள். மகளைக் கூப்பிட்டு, அன்றிரவு உன்னைப் பேச விடாதது என் பிழை என்று முதலில் சொல்லுங்கள். பிறகு தோழி என்ன சொன்னாள், அவள் முகம் எப்படி இருந்தது என்று கேளுங்கள். மகள் பேசி முடிக்கும்வரை நியூமனின் நோக்கம் என்ன என்று எடுத்துச் சொல்லத் தொடங்கிவிடாதீர்கள். அன்றைக்கு அவள் வாய் திறக்காவிட்டால் வற்புறுத்த வேண்டாம். உறையை அலமாரிக்குள் வைக்காமல் மேசையிலேயே விட்டுவையுங்கள்.