1876 டெட்வுட் வழக்கு கவுண்டி ஆவணத்தில் ஏன் இல்லை?

அமெரிக்காவின் டெட்வுட் என்ற சுரங்க ஊரில், பேர்பெற்ற துப்பாக்கி வீரர் வைல்ட் பில் ஹிக்காக்கைச் சுட்டுக் கொன்ற ஜாக் மெக்காலின் வழக்கை, அந்த ஊர் அடங்கிய லாரன்ஸ் கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) நீதிமன்ற ஆவணங்களில் தேடித் தேடி அலுத்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். அங்கே கிடைக்காது நண்பரே, ஏனென்றால் 1876 ஆகஸ்டில் டெட்வுட்டில் சட்டப்படியான நீதிமன்றமே கிடையாது. அமெரிக்க அரசு செய்த 1868 ஒப்பந்தப்படி அது லக்கோட்டா பழங்குடி மக்களின் நிலம், கவுண்டி நிர்வாகம் அமைந்ததே 1877இல்தான். ஊர் நாடகக் கொட்டகையில் சுரங்கக்காரர்களே ஜூரியாக உட்கார்ந்து விசாரித்து அவனை விடுவித்துவிட்டார்கள். அப்புறம் வயோமிங்கில் பிடிபட்டான்.

நீங்கள் தேட வேண்டிய இடம் யாங்க்டன், இன்னும் மாநிலமாகாத அன்றைய டகோட்டா பிரதேசத்தின் தலைநகர்; அவனை மறுபடி விசாரித்தது அங்கேதான். முதல் விசாரணைக்குச் சட்ட மதிப்பே இல்லை என்பதால் ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை விசாரிக்கக்கூடாது என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. 1877 மார்ச் 1 அன்று தூக்கிலிட்டார்கள்.

இன்னொன்று. பிரதேசத்தில் அப்போது மூன்று நீதி மாவட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் அமெரிக்க ஜனாதிபதி நியமித்த ஒரு நீதிபதி, அந்த மூவரும் சேர்ந்து உட்கார்ந்தால் அதுதான் பிரதேசத்தின் உச்ச நீதிமன்றம். கீழே தீர்ப்புச் சொன்னவரே மேல்முறையீட்டையும் கேட்கலாம் என்பதை நியாயமான ஏற்பாடாக என்னால் ஏற்கவே முடியவில்லை. ஆனால் அன்றைய நடைமுறை அதுதான், எனவே ஒரே நீதிபதியின் பெயர் இரண்டு இடத்திலும் வந்தால் குழம்பாதீர்கள்.