கேட்பவர்கள் எங்கே?

வணக்கம் ஐயா,

சென்ற வாரம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். நாதஸ்வர வித்வான் தோடி ராகத்தை எடுத்து மெல்ல விரித்துக்கொண்டிருந்தார். அருமையான வாசிப்பு. முன்வரிசையில் ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் யாரோ போய் அவர் காதில் ஏதோ சொல்ல, நிறுத்திவிட்டார். ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு வந்தது. எங்கள் தாத்தா காலத்தில் இப்படி நடந்திருக்குமா? நல்ல கலையைப் போற்றும் மனமே நம் ஜனங்களுக்கு இல்லாமல் போய்விட்டதா?

க., செந்தூல்

அன்புள்ள க.,

படிக்கும்போதே மனம் கொதித்தது. தோடியைப் பாதியில் நிறுத்தச் சொல்வது அந்த வித்வானுக்குச் செய்த அவமரியாதை.

ஆனால் தாத்தா காலத்தின்மேல் அவ்வளவு நம்பிக்கை வைக்காதீர்கள். பினாங்கில் 1929இல் பிறந்த மலாய்த் திரைக் கலைஞர் பி. ரம்லியை நினைத்துப் பாருங்கள். நடிப்பு, இயக்கம், இசை, பாட்டு என்று அத்தனையிலும் உச்சம் தொட்டவர். 1964இல் சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்கு வந்தபின் எடுத்த படங்கள் எடுபடவில்லை. இளைஞர்கள் கிதார் இசைக்குழுக்களின் பின்னால் போய்விட்டார்கள். 1973இல், 44 வயதில், பணமும் வாய்ப்பும் இல்லாமல் இறந்தார். நாட்டின் உயரிய டான் ஸ்ரீ பட்டம் வந்தது 1990இல். இன்று நகரின் நடுவே அவர் பெயரில் சாலை இருக்கிறது. அவரைக் கைவிட்டவர்கள் நம் தாத்தாக்களின் தலைமுறைக்காரர்கள்தான்.

அந்தத் தலைமுறைக்கு இருந்து நமக்கு இல்லாமல் போனது கேட்டுக் கேட்டுப் பழகிய காது. தஞ்சைப் பக்கத்துக் கோயில்களில் சுவாமி புறப்படும்போது, அதற்கென்றே உள்ள மல்லாரி என்ற நாதஸ்வர இசை தொடங்கும். பிறகு வீதியில் நின்று நின்று ராக ஆலாபனை, நள்ளிரவு தாண்டியும் போகும். அங்கே நின்றவர்களில் பெரும்பாலோர் சங்கீதம் படிக்காதவர்கள். ராகத்தின் பெயர்கூடத் தெரிந்திருக்காது. ஆனாலும் நாதஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை தோடி வாசிக்கிறார் என்றால் ஊரே திரண்டது. வருஷா வருஷம் கேட்டே அந்த ருசி வந்தது. நம் கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரத்துக்கு என்ன வேலை கொடுக்கிறோம்? தாலி கட்டும்போது கெட்டிமேளம், மற்ற நேரம் பேச்சுக்கு நடுவே ஓர் ஓசை. அதில் யாருக்குக் காது பழகும்?

இத்தனைக்கும் இந்த ஊரில் கலை கற்றுக்கொள்ள வழியில்லை என்று யாரும் சொல்ல முடியாது. டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் 1981இலிருந்து நடனமும் இசையும் சொல்லிக்கொடுக்கிறது. சிறிய பள்ளிகளும் நிறைய. பெற்றோர் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பிள்ளைகளுக்கு அரங்கேற்றம் செய்து பார்க்கிறார்கள். அந்தப் பாசத்தை நான் மதிக்கிறேன். என் வருத்தம் வேறு. அரங்கேற்றத்தன்று சொந்தபந்தங்களால் அரங்கம் நிறைகிறது. அடுத்த மாதம் அதே மேடையில் தேர்ந்த கலைஞர் ஒருவர் ஆடும்போது அந்தக் குடும்பங்களில் எத்தனை வருகின்றன? ஆடத் தெரிந்த பிள்ளைகளை வளர்த்துவிட்டோம். பிறர் ஆடுவதை உட்கார்ந்து பார்க்க அவர்களைப் பழக்கவில்லை. மேடைக்கு எதிரே ஆளில்லாவிட்டால் அந்தப் பிள்ளைகள் நாளை யாருக்காக ஆடுவார்கள்?

உங்கள் வீட்டில் பிள்ளைகள் இருந்தால், சொந்தக்காரர் யாரும் மேடையில் இல்லாத கச்சேரிக்கு மாதம் ஒருமுறை கூட்டிப் போங்கள். முதலில் சலிப்பாகத்தான் இருக்கும், எப்போது வீட்டுக்குப் போவோம் என்று கேட்பார்கள். இடைவேளையில் ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு, கடைசிவரை உட்கார்ந்திருங்கள்.