ஏழு கையெழுத்துகள் – கடிதம்

வணக்கம்.

ஈஸ்டர் எழுச்சி (1916இல் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக டப்ளினில் நடந்த கிளர்ச்சி) காலத்து அயர்லாந்து வெளியீடுகளைச் சேகரிக்கத் தொடங்கியிருக்கிறேன். 1916 குடியரசுப் பிரகடனம் ஒன்றை, தலைவர்கள் ஏழு பேரின் கையெழுத்தோடு சட்டமிட்டுத் தருவதாக ஒரு விற்பனையாளர் சொல்கிறார். கூடவே ‘ஐரிஷ் புல்லட்டின்’ தாள்கள் சில. வாங்கலாமா? பழைய பத்திரிகைகளைச் சென்னையில் எப்படிப் பாதுகாப்பது?

கதிரவன்

அன்புள்ள கதிரவன்,

கையெழுத்து இருக்கிறது என்பதே அதை வாங்காமல் விடப் போதும். பிரகடனத்தில் ஏழு பெயர்களும் ஈய எழுத்தில் கோத்தவை. கையொப்பங்கள் தனித்தாளில் இருந்தன. கைதாகி இருக்கும்போது அந்தத் தாளை மென்று துப்பிவிட்டதாக, அச்சுக்கோத்தவர்களில் ஒருவரான மைக்கேல் மலாய் பிற்பாடு வாக்குமூலம் கொடுத்திருக்கிறார்.

1916 ஏப்ரல் 23 அன்று டப்ளின் லிபர்ட்டி ஹாலில் பழைய வார்ஃப்டேல் இயந்திரத்தில் அது அச்சானது. முழுப் பக்கத்துக்கு எழுத்து போதவில்லை. மேல்பாதியை அச்சடித்துவிட்டு எழுத்தைக் கலைத்து, கீழ்பாதியைக் கோத்து, அதே தாள்களை மறுபடி இயந்திரத்தில் விட்டார்கள். அதனால் இரு பாதிகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளி பிரதிக்குப் பிரதி சற்று வேறுபடும். வேற்று அச்சின் ஆங்கில ‘e’ எழுத்துகள் கலந்திருப்பதையும், ‘F’இல் அரக்கு ஒட்டி ‘E’ ஆக்கியதையும் அடையாளமாகச் சொல்வார்கள். நல்ல நகலில் இவையும் அப்படியே விழும் என்பதால் அவற்றை மட்டும் நம்பாதீர்கள். சட்டத்தைக் கழற்றச் சொல்லுங்கள். தாள் ஏறக்குறைய 30க்கு 20 அங்குலம், மட்டமான காகிதம். சாய்வொளியில் பின்புறம் எழுத்து அழுந்திய தடம் தெரிய வேண்டும். பத்து மடங்கு லென்ஸில் சீரான புள்ளிகள் தெரிந்தால் அது ஆஃப்செட் நகல்.

கீழ்பாதி மட்டும் கொண்ட தாள் கிடைத்தால் கிழிந்தது என்று தள்ளிவிடாதீர்கள். லிபர்ட்டி ஹாலுக்குள் புகுந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள், இயந்திரத்திலேயே கிடந்த அச்சுப்பலகையில் நினைவுக்காகச் சில தாள்கள் அடித்துக்கொண்டார்கள்.

‘ஐரிஷ் புல்லட்டின்’ வேறு விதமான சிக்கல். 1919 நவம்பர் முதல் 1921 ஜூலை வரை தட்டச்சு செய்து, சைக்ளோஸ்டைலில் உருட்டிய, அயர்லாந்து விடுதலைத் தரப்பின் ரகசிய இதழ் அது. 1921 மார்ச்சில் அதன் அலுவலகம் பிடிபட்டது. கைப்பற்றிய இயந்திரங்களிலேயே டப்ளின் கோட்டை, அதாவது அங்கிருந்த பிரிட்டிஷ் நிர்வாகம், போலி இதழ்களைத் தயாரித்து அனுப்பியது. அந்த மார்ச் இறுதிக்குப் பிந்தைய இதழில் தட்டச்சு ஒத்துப்போவது எதற்கும் சான்றல்ல. என்ன எழுதியிருக்கிறது, யாருக்குச் சாதகமாக எழுதியிருக்கிறது என்று படித்துத்தான் பிரிக்க வேண்டும். போலி என்று தெரிந்தே வாங்கினாலும் நஷ்டமில்லை. அதுவும் 1921இன் ஆவணம்தானே.

பாதுகாப்பில் காலத்தைப் பாருங்கள். 1842இல் டப்ளினில் தொடங்கிய ‘தி நேஷன்’ இதழின் ஆரம்ப ஆண்டுகள் கந்தல் துணியில் செய்த காகிதம், இன்றும் வளையும். அயர்லாந்து தேசியவாதத் தலைவர் ஆர்தர் கிரிஃபித் இருபதாம் நூற்றாண்டில் நடத்திய ‘சின் ஃபெய்ன்’, ‘நேஷனாலிட்டி’ இதழ்கள் எல்லாம் மரக்கூழ்க் காகிதம். அமிலத்தால் மடிப்பிலேயே ஒடியும். லேமினேஷன் வேண்டாம், செலோ டேப்பும் வேண்டாம். இரண்டையும் பிறகு சேதமில்லாமல் எடுப்பது கடினம். கிழிசலுக்கு ஜப்பானியத் தாளும் கோதுமை மாவுப் பசையும் போதும். பாலியெஸ்டர் உறையில் போடும்போது பின்னால் காரத்தன்மையுள்ள தாள் ஒன்றை வையுங்கள். இல்லாவிட்டால் அமிலம் உள்ளேயே அடைபட்டு அரிப்பு கூடும். பகலில் ஏசி, இரவில் புழுக்கம் என்று மாறி மாறி வைப்பது கெடுதல். சிலிக்கா ஜெல்லோடு மூடிய பெட்டியில் படுக்கை வாட்டில் வைத்து, நிறம் மாறியதும் ஜெல்லை மாற்றுங்கள்.