ஒரு ரூக்கி கார்னர்பேக் தேறுவாரா என்பதை முதல் சில ஆட்டங்களிலேயே சொல்ல முடியுமா?

கேட்டவரின் கேள்வி சுருக்கமாக இது: அவர் ஆதரிக்கும் என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) அணி, கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் முதல் சுற்றில் ஒரு கார்னர்பேக்கை எடுத்தது. அவர் ரூக்கி, அதாவது லீக்கில் இது முதல் பருவம். ஐந்தாறு ஆட்டம் ஆகிவிட்டது. ஒரு இன்டர்செப்ஷன்கூட (எதிரணி வீசிய பந்தைப் பறிப்பது) இல்லை, அவரைத் தாண்டி இரண்டு டச்டவுன் (பந்தை எல்லைக்கோடு தாண்டிக் கொண்டுபோய் எடுக்கும் புள்ளி) வேறு போயிருக்கிறது. எடுத்தது வீணா, இப்போதே முடிவு கட்டிவிடலாமா?

"பொறுமையாக இருங்கள், பையன் கற்றுக்கொள்வான்" என்று வெறும் ஆறுதல் சொல்லப்போவதில்லை. ஐந்தாறு ஆட்டத்தில் நிறையவே தெரிந்துவிடும். ஆனால் அது தெரிகிற இடம் ஸ்கோர் அட்டை இல்லை. பயிற்சியாளர் அவரை நம்பி என்ன வேலை கொடுக்கிறார், எதிரணி குவாட்டர்பேக் அவர் பக்கம் பார்த்துவிட்டு என்ன முடிவெடுக்கிறார், போன வாரம் ஏமாந்த அதே நகர்வில் இந்த வாரமும் ஏமாறுகிறாரா, இந்த மூன்றையும்தான் பார்க்க வேண்டும்.

இந்த ஆட்டத்துக்குப் புதியவர்களுக்காக ஒரு வரி: குவாட்டர்பேக் வீசும் பந்தைப் பிடிக்க ஓடுகிற ரிசீவரை, களத்தின் ஓரத்தில் பெரும்பாலும் தனியாளாக நின்று மறிக்கிறவர்தான் கார்னர்பேக். ரிசீவருக்கு எங்கே ஓடப்போகிறோம் என்று முன்பே தெரியும். இவருக்குத் தெரியாது. அதுவும் பாதி நேரம் பின்னோக்கி ஓடிக்கொண்டே கண்டுபிடிக்க வேண்டும்.

நான் பிலடெல்ஃபியாவுக்குப் பக்கத்தில் இருக்கிறேன், ஈகிள்ஸ் ரசிகன். 2024 டிராஃப்டில் ஈகிள்ஸ் 22ஆவது ஆளாக டொலீடோ பல்கலைக்கழகத்தின் குவின்யான் மிட்செலை எடுத்தது. 2002இல் லீட்டோ ஷெப்பர்டை எடுத்த பிறகு முதல் சுற்றில் இந்த அணி கார்னர்பேக் பக்கமே போனதில்லை, அதனால் ஊரே இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. 40 யார்டு ஓட்டத்தில் 4.33 விநாடி. 2022இல் நார்தர்ன் இல்லினாய் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நான்கு இன்டர்செப்ஷன் எடுத்து, அதில் இரண்டை டச்டவுன் வரை கொண்டுபோனவர். அப்படிப்பட்டவர் என்எஃப்எல்லுக்கு வந்து, ப்ளேஆஃபுக்கு முந்தைய ஆட்டங்கள் முழுவதிலும் எடுத்த இன்டர்செப்ஷன் பூஜ்யம். "கையில் விழுகிற பந்தைப் பிடிக்கத் தெரியாதவனுக்கு முதல் சுற்றா?" என்று என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் நவம்பர் மாதத்திலும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தப் பருவத்தில் லீக்கிலேயே மிகக் குறைந்த பாஸிங் யார்டு, அதாவது எதிரணி பந்தை வீசி முன்னேறும் தூரம், விட்டுக்கொடுத்த அணி ஈகிள்ஸ். மிட்செல் அதில் தொடக்க ஆட்டத்திலிருந்தே வெளிப்பக்கக் கார்னர். இரண்டும் எப்படி ஒன்றாக நடந்தது?

டெஸ்ட் ஆட்டத்தில் ஒரு முனையில் ஓவருக்கு ஒரு ரன்கூடக் கொடுக்காமல் போட்டுக்கொண்டே இருக்கும் பந்துவீச்சாளரை நினைத்துக்கொள்ளுங்கள். விக்கெட் அவர் கணக்கில் ஏறாது, எதிர்முனைக்காரர் கணக்கில் ஏறும். இன்டர்செப்ஷனும் அப்படித்தான். அதற்குக் குவாட்டர்பேக் முதலில் இவர் பக்கம் வீச வேண்டும், அடுத்து தவறாக வீச வேண்டும். ரிசீவர் தோளோடு தோளாக மறிக்கப்பட்டிருந்தால் நல்ல குவாட்டர்பேக் அந்தப் பக்கம் ஒரு நொடி பார்த்துவிட்டு அடுத்தவரைத் தேடிப் போய்விடுவார். அந்த ஒரு நொடிப் பார்வை எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாது. தொலைக்காட்சியிலும் பெரும்பாலும் தெரியாது, ஏனென்றால் கேமரா பந்தின் பின்னால் போகும். 22 பேரும் தெரியும்படி உயரத்திலிருந்து எடுக்கும் ஆல்-22 காட்சி சந்தா கட்டினால் கிடைக்கிறது. இந்தக் கேள்வியில் உங்களுக்கு உண்மையான அக்கறை இருந்தால் ஒரு மாதத்துக்காவது அதை வாங்கிப் பாருங்கள்.

மறுபக்கத்துக்கு மார்கஸ் பீட்டர்ஸைப் பாருங்கள். 2015இல் கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் 18ஆவதாக எடுத்தவர். முதல் ஆட்டத்தில், ஹூஸ்டனின் முதல் ஸ்னாப்பிலேயே, அதாவது அவர்கள் பந்தை ஆட்டத்துக்கு எடுத்த முதல் முறையே, குவாட்டர்பேக் பிரையன் ஹோயரின் பந்தைப் பறித்தார். அந்த ஆண்டு எட்டு இன்டர்செப்ஷன், சிறந்த தற்காப்பு ரூக்கி விருது. அதே ஆண்டு எதிரணிகள் மிக அதிகமாகக் குறிவைத்த கார்னர்களில் அவரும் ஒருவர். யார்டும் நிறையவே போனது. பந்தை முன்கூட்டியே ஊகித்துப் பாய்கிற ஆட்டம் அது. பாய்ந்தது சரியாக இருந்தால் அமர்க்களம், தப்பினால் பின்னால் காப்பாற்ற ஆள் இல்லை. மோசமான ஆட்டக்காரர் என்று சொல்லவில்லை, அபாரமான ஆட்டக்காரர். எட்டு என்ற எண்ணை மட்டும் பார்த்தால் அவருடைய ஆட்டத்தில் பாதிதான் தெரியும் என்கிறேன். 2022இல் ஜெட்ஸின் சாஸ் கார்ட்னர் எடுத்தது இரண்டே இன்டர்செப்ஷன். ஆனால் 20 பாஸ்களைத் தட்டிவிட்டு, 1981இல் ரானி லாட்டுக்குப் பிறகு, பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆல்-ப்ரோ முதல் அணியில் இடம்பிடித்த முதல் ரூக்கி கார்னர் ஆனார்.

இப்போது உங்கள் அணி ரூக்கியின் அந்த இரண்டு டச்டவுன். அது எப்படிப் போனது என்பதுதான் விஷயம். கல்லூரி ஆட்டத்திலிருந்து வருகிறவருக்கு இங்கே விதிகளே மாறுகின்றன. என்எஃப்எல்லில் ஐந்து யார்டுக்கு மேல் ரிசீவர் மீது கை வைத்தால் கொடி, அதாவது நடுவர் தண்டனை கொடுப்பார். கல்லூரியில் அந்த ஐந்து யார்டு எல்லை இல்லை. ஆழத்தில் வீசிய பந்துக்குப் பாஸ் இன்டர்ஃபியரன்ஸ் (ரிசீவர் பந்தைப் பிடிக்கவிடாமல் விதி மீறித் தடுப்பது) செய்தால் கல்லூரியில் அதிகபட்சம் 15 யார்டுதான் போகும், இங்கே தவறு நடந்த இடத்திலேயே பந்தை வைத்துவிடுவார்கள். 45 யார்டு தள்ளி நடந்தால் 45 யார்டும் போச்சு. களத்தின் நடுவே இருக்கும் ஹாஷ் கோடுகளுக்கு இடையிலான தூரம் கல்லூரியில் 40 அடி, இங்கே 18½ அடி. அதனால் கல்லூரியில் குறுகிய பக்கம் நிற்கும் கார்னருக்கு ஓரக்கோடே இன்னொரு தற்காப்பாளர் மாதிரி உதவும். இங்கே பந்து எப்போதும் நடுவுக்குப் பக்கத்திலிருந்தே கிளம்புவதால் இரண்டு பக்கமும் அகலமாகத்தான் இருக்கும். கல்லூரியில் நான்கு வருடம் உடம்பில் ஏறிய பழக்கத்தை நான்கு வாரத்தில் மாற்றச் சொல்கிறோம்.

ஒரே ஒரு ஸ்னாப்பை எடுத்துக்கொள்வோம். கார்னர் ரிசீவருக்கு எதிரே கைக்கெட்டும் தூரத்தில் பிரஸ்ஸில் நிற்கிறார். பந்து நகர்ந்ததும் ரிசீவர் தலையையும் தோளையும் உள்பக்கம் சாய்க்கிறார். தலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ரூக்கி அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவார், ரிசீவர் வெளிப்பக்கம் பறந்துவிடுவார். இடுப்பைப் பார்த்துக்கொண்டிருப்பவர் அசைய மாட்டார். தலையும் தோளும் ஆயிரம் பாவனை காட்டும், இடுப்பு போகிற பக்கம்தான் ஆளும் போவார். அடுத்து இடுப்பைத் திருப்பி ஓட வேண்டிய கணம். ஒரு அடி சீக்கிரம் திருப்பினால் ரிசீவர் சட்டென்று நின்று திரும்பிப் பந்தை வாங்கிக்கொள்வார், ஒரு அடி தாமதித்தால் பின்னால் துரத்துவதுதான் கதி. கடைசியாகப் பந்து வரும் நேரம். ரிசீவரின் கண் விரியும், கை எழும். அப்போது திரும்பிப் பந்தைத் தேடுகிறாரா, பதற்றத்தில் ஆள் மேல் போய் மோதுகிறாரா? மோதினால் கொடி.

உங்கள் ரூக்கி ஏமாந்த இரண்டு பந்திலும் இதில் எந்த இடத்தில் பிசகியது என்று பாருங்கள். கூடவே ஓடி, கடைசி நேரத்தில் ரிசீவர் உயரமாக எம்பிப் பிடித்திருந்தால் நான் கவலைப்படவே மாட்டேன். பந்து வரும் இடத்தில் இருக்கத் தெரிந்தவருக்கு அதைத் தட்டிவிடக் கற்றுக்கொடுக்க முடியும். இரண்டு முறையும் ஒரே டபுள் மூவில், அதாவது ரிசீவர் நிற்பதுபோல் காட்டிவிட்டு மறுபடி ஓடியதில், ஏமாந்திருந்தால் கவலைப்படுவேன். எதிரணிப் பயிற்சியாளர்களும் அதே காட்சியைத்தான் உட்கார்ந்து பார்க்கிறார்கள். மூன்றாவது வாரமும் அதையே போடுவார்கள்.

இதற்கு 2023 டிராஃப்ட் நல்ல பாடம். அடுத்தடுத்து இரண்டு கார்னர்கள் போனார்கள். 16ஆவதாக எம்மானுவேல் ஃபோர்ப்ஸை வாஷிங்டன் எடுத்தது, 17ஆவதாக கிறிஸ்டியன் கோன்சாலஸை நியூ இங்கிலாந்து எடுத்தது. ஃபோர்ப்ஸ் மிசிசிப்பி ஸ்டேட்டில் ஆறு இன்டர்செப்ஷன்களை டச்டவுனாக்கிச் சாதனை படைத்தவர். ஆனால் டிராஃப்டுக்கு முந்தைய சோதனையில் எடை 166 பவுண்டு, நம் கணக்கில் 75 கிலோ. நான்காவது வாரம் ஈகிள்ஸ் ரிசீவர் ஏ.ஜே. பிரவுன் வாஷிங்டனுக்கு எதிராக 175 யார்டு எடுத்தார், அவர் சுமார் 100 கிலோ ஆள். எங்கள் அணி ஆட்டம், சந்தோஷமாகத்தான் பார்த்தேன். ஆனாலும் எதிரே நின்ற இருபத்திரண்டு வயதுப் பையனைப் பார்க்க மனசு கஷ்டமாகவே இருந்தது. அடுத்த வாரம் சிகாகோவின் டி.ஜே. மூர் 230 யார்டு, மூன்று டச்டவுன். அந்த ஆட்டத்திலேயே ஃபோர்ப்ஸை வெளியே உட்காரவைத்தார்கள். அடுத்த பருவம் முடிவதற்குள் வாஷிங்டன் அவரைக் கழற்றியும் விட்டது.

கோன்சாலஸ் ஆடியது நான்கே ஆட்டம். டல்லஸில் தோள்பட்டை காயமாகி அந்தப் பருவம் அத்தோடு முடிந்தது. ஆனால் அந்த நான்கு ஆட்டங்களில் எதிரே வந்த அணிகளைப் பாருங்கள்: பிரவுனும் டெவான்டா ஸ்மித்தும் இருந்த ஈகிள்ஸ், டைரிக் ஹில்லின் மயாமி, காரெட் வில்சனின் ஜெட்ஸ், சீடீ லாம்பின் டல்லஸ். முதல் ஆட்டத்தில் ஒரு சாக் (குவாட்டர்பேக்கைப் பந்தோடு வீழ்த்துவது), இரண்டாவதில் மயாமி குவாட்டர்பேக் டூவா டகோவைலோவாவிடமிருந்து ஒரு இன்டர்செப்ஷன், செப்டம்பர் மாதச் சிறந்த தற்காப்பு ரூக்கி விருது. இப்படிப்பட்ட நான்கு ஆட்டம் சாதாரண ரிசீவர்களுக்கு எதிரான பத்து ஆட்டத்துக்குச் சமம் என்பது என் கருத்து. 2024இல் கிட்டத்தட்ட முழுப் பருவமும் ஆடி ஆல்-ப்ரோ இரண்டாம் அணிக்கு வந்தார்.

ஃபோர்ப்ஸுக்கும் ஒரு நியாயம் சொல்ல வேண்டும். அந்த வாஷிங்டன் அணி பருவத்தின் நடுவில் மான்டெஸ் ஸ்வெட், சேஸ் யங் என்ற இரண்டு பாஸ் ரஷர்களையும் (குவாட்டர்பேக்கை நெருக்குகிறவர்கள்) வேறு அணிகளுக்குக் கொடுத்துவிட்டது. தற்காப்புப் பயிற்சியாளரையும் நவம்பரில் நீக்கிவிட்டது. லீக்கிலேயே அதிகப் புள்ளி விட்டுக்கொடுத்த அணியாகவும் முடித்தது. குவாட்டர்பேக்கை இரண்டரை விநாடியில் நெருக்கினால் சுமாரான கார்னரும் நன்றாகத் தெரிவார். நான்கு விநாடி நிற்க விட்டால் யாராலும் மறிக்க முடியாது. மிட்செலுக்கு முன்னால் குவாட்டர்பேக்கை நெருக்க ஜேலன் கார்ட்டர் இருந்தார், மறுகோடியில் அனுபவமுள்ள டேரியஸ் ஸ்லே இருந்தார், திட்டம் போட விக் ஃபாஞ்சியோ இருந்தார். உங்கள் அணியில் யார் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே எடை போடுங்கள்.

புள்ளிவிவரம் பற்றிச் சுருக்கமாக. ஒரு கார்னர் பக்கம் ஆட்டத்துக்கு நான்கைந்து பந்துதான் வரும். ஐந்து ஆட்டத்தில் இருபத்தைந்து பந்து என்றால், ஒரு 60 யார்டு டச்டவுன் மொத்தக் கணக்கையும் சாய்த்துவிடும். "இவர் பக்கம் வீசும்போது குவாட்டர்பேக்கின் ரேட்டிங்" என்று ஓர் எண்ணைப் போடுவார்கள். எல்லாப் பந்தையும் தரையில் அடித்தாலே அந்த ரேட்டிங் 39.6 வரும் என்பதைத் தெரிந்துகொண்டு அதைப் படியுங்கள். ஆளைத் தொடராமல் ஆளுக்கொரு பகுதியைக் காக்கும் ஜோன் கவரேஜில் விட்ட பந்து யார் கணக்கு என்பதிலும், திட்டம் தெரியாமல் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் ஊகித்துத்தான் எழுதுகிறார்கள்.

டேக்கிளை, அதாவது பந்தோடு ஓடுகிறவரைப் பிடித்துச் சாய்ப்பதை, யாரும் கேட்கவே மாட்டேன் என்கிறார்கள், எனக்கோ அது பெரிய விஷயம். அதே 2024இல் ஈகிள்ஸ் இரண்டாவது சுற்றில் எடுத்த கூப்பர் டிஜீன், தொடைத் தசைக் காயத்தால் பயிற்சி முகாமின் பெரும்பகுதியைத் தவறவிட்டு, அக்டோபரில்தான் உள்பக்க ரிசீவரை மறிக்கும் ஸ்லாட் இடத்தைப் பிடித்தார். டிசம்பர் 1 அன்று பால்டிமோரில் பந்தோடு ஓடும் டெரிக் ஹென்றி, 247 பவுண்டு ஆள், முழு வேகத்தில் நேராக அவரை நோக்கி வந்தார். டிஜீன் கிட்டத்தட்ட 50 பவுண்டு குறைவு. ஓரமாக ஒதுங்கி உதவி வரும்வரை காத்திருக்கலாம், பலர் அதைத்தான் செய்வார்கள். இவர் தாழக் குனிந்து, இரண்டு கையாலும் கட்டி, ஹென்றியைப் பின்பக்கமாகவே சாய்த்தார். டிஜீன் கணக்கிலும் அதுவரை இன்டர்செப்ஷன் கிடையாது. பிப்ரவரி 9 சூப்பர் பவுலில், தன் 22ஆவது பிறந்தநாளில், கன்சாஸ் சிட்டி குவாட்டர்பேக் மஹோம்ஸின் பந்தைப் பறித்து 38 யார்டு ஓடி டச்டவுன் போட்டது உலகத்துக்கே தெரியும். ஆனால் இவர் தேறுவார் என்று நான் நம்பியது அந்த டேக்கிளில்தான்.

மிட்செலும் ப்ளேஆஃபில் இரண்டு இன்டர்செப்ஷன் எடுத்தார், கிரீன் பேவுக்கு எதிராக ஒன்று, வாஷிங்டனுக்கு எதிராக ஒன்று. நவம்பரில் கேள்வி கேட்ட அந்த வேலைத்தோழர் அன்றைக்கே கட்சி மாறிவிட்டார். அந்த இரண்டு பந்தும் கை நழுவிக் கீழே விழுந்திருந்தாலும் அவரைப் பற்றிய என் கணிப்பு மாறியிருக்காது.

ஆகவே அடுத்த இரண்டு வாரம் உங்கள் ரூக்கியிடம் தேர்ட் டவுனை, அதாவது எதிரணி முன்னேற எடுக்கும் மூன்றாவது முயற்சியை, மட்டும் கவனியுங்கள். எதிரணியின் நல்ல ரிசீவருக்கு எதிரே அவரை நிறுத்துகிறார்களா? அவருக்குப் பின்னால் ஆழத்தில் காவல் நிற்கும் சேஃப்டி உதவிக்கு நிற்கிறாரா, இல்லை அந்த சேஃப்டியை வேறு வேலைக்கு அனுப்ப ஆரம்பித்துவிட்டார்களா? அனுப்பியிருந்தால் உள்ளே தினமும் பயிற்சியைப் பார்க்கிறவர்கள் அவரை நம்புகிறார்கள், நீங்களும் நம்பலாம். எட்டாவது ஆட்டத்திலும் ஒவ்வொரு ஸ்னாப்புக்கும் துணைக்கு ஆள் வைத்துக்கொண்டே இருந்தால், அப்போது உங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது.